கன்சோலில் எதை எங்கே செருகுவது: அனலாக், டிஜிட்டல் கருவிகளை முதல்முறை இணைப்பவர்களுக்கு

முதல் கன்சோல் (மைக், இசைக்கருவிகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸிங் மேசை) வந்த அன்றே எல்லா ஒயரையும் ஒரே மாலையில் செருகி முடித்துவிட்டேன். அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டுகூடப் பதிவு செய்ய முடியவில்லை. இரண்டு சேனலில் ஹம் (விடாத உறுமல்), ஒரு சேனலில் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, கன்வர்ட்டர் (அனலாக் ஒலியை டிஜிட்டலாகவும் திரும்பவும் மாற்றும் கருவி) வழியாக வந்ததில் சில நொடிக்கு ஒருமுறை ஒரு 'டிக்'. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகச் செருகியதால் எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் போனது. கடைசியில் அத்தனையையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மறுபடி போட்டேன். அந்த இரண்டாம் முறை செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் முதல்முறையே இப்படிச் செய்துவிடுங்கள்.

1. முதலில் தாள், அப்புறம் கேபிள்

ஒரு பெரிய தாளை எடுத்து, உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி போடுங்கள். அவுட்புட் எந்த வகை ஜாக், பேலன்ஸ்டா இல்லையா (3ஆம் பகுதி), என்ன லெவல், டிஜிட்டல் என்றால் எந்த ஃபார்மட், கிளாக் (டிஜிட்டல் கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் துடிப்பு, 7ஆம் பகுதி) உள்ளே வாங்குமா வெளியே கொடுக்குமா என்று கட்டம் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் கன்சோலின் ஒவ்வொரு இன்புட்டுக்கும் அதே கேள்விகள்.

பதில்கள் மேனுவலில் இருக்கின்றன. ஆனால் பாதிப் பேர் திறந்து பார்க்காத பக்கங்களில் இருக்கின்றன: கடைசியில் வரும் விவரக்குறிப்பு அட்டவணையும் பிளாக் டயகிராமும். அந்த இரண்டை மட்டும் எல்லாக் கருவிக்கும் பிரின்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள். பழைய கருவி வாங்கி மேனுவல் வரவில்லை என்றால், தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். கன்சோலைச் சுவரோரம் தள்ளுவதற்கு முன்னால் பின்பக்கத்தைத் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இது அற்ப விஷயமாகத் தோன்றும், ஆனால் அடுத்த சில மாதங்களில் அதிகம் பார்க்கப்போகும் படம் அதுதான்.

செலவும் இந்தத் தாளில்தான் தெரியவரும். ஆரம்பத்தில் எல்லோரும் கருவிக்குப் பணம் ஒதுக்குகிறோம், கேபிளை மறந்துவிடுகிறோம். ஒரு கம்ப்ரஸரை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) நேரடியாக இன்சர்ட்டில் (சேனலின் நடுவே வெளிக்கருவியைச் சேர்க்கும் துளை) போட்டால் ஒரு கேபிளோடு வேலை முடியும். அதையே பேட்ச் பே (எல்லா இணைப்புகளையும் முன்பக்கத் துளைகளில் ஒன்றுசேர்க்கும் பலகை) வழியாகக் கொண்டுபோனால் செண்ட், ரிட்டர்ன், கம்ப்ரஸர் இன், கம்ப்ரஸர் அவுட் என்று நான்கு லைன். எட்டு கம்ப்ரஸருக்கு 32 லைன், 64 முனை. அதனால் வெளிக்கருவிகள் ஐந்தாறுக்குள் இருக்கும்வரை பேட்ச் பே வாங்காதீர்கள் என்பது என் கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் முழு அளவுக்கும் இப்போதே ஒயர் போட வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கலாம்.

நேரத்துக்கும் கணக்கு வையுங்கள். தாள் வேலைக்கு அரை நாள். சொந்தமாக சால்டர் செய்தால் இரு முனைக்கும் சேர்த்து ஒரு கேபிளுக்குப் பத்து நிமிடம் எனக்கு ஆகிறது, கை பழகாதபோது அதைவிட இரண்டு மடங்கு ஆனது. இணைத்துச் சோதிக்க இரண்டு நாள். அந்த வாரத்தில் யாருக்கும் ரெக்கார்டிங் தேதி கொடுத்துவிடாதீர்கள்.

2. லெவல் எது என்று பிரியுங்கள்

ஜாக் பொருந்துகிறது என்பதால் சிக்னலும் பொருந்தும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 6.35 மில்லிமீட்டர் ஜாக் ஒன்றே ஒன்று, ஆனால் கிட்டார், கீபோர்டு, கம்ப்ரஸர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் எல்லாம் அதே துளையில்தான் வரும்.

மைக்கின் சிக்னல் மில்லிவோல்ட் கணக்கு, அதைப் பெரிதாக்க ப்ரீஆம்ப் வேண்டும், எனவே மைக் இன். ஸ்டூடியோ தரக் கருவிகளின் லைன் லெவல் +4 டிபியூ (டிபியூ, டிபிவி இரண்டும் வோல்டேஜைச் சொல்லும் டெசிபெல் அளவுகள்), அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளின் லைன் லெவல் -10 டிபிவி, சுமார் 0.316 வோல்ட். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 12 டெசிபெல் வித்தியாசம். பல கருவிகளில் பின்பக்கம் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதைப் பார்க்காமல் விட்டால் ஒரு கருவி மட்டும் எப்போதும் மெலிதாக ஒலிக்கும், நீங்கள் கெயினை ஏற்றுவீர்கள், கூடவே இரைச்சலும் ஏறும். கிட்டாரை நேரடியாக லைன் இன்னில் செருகினால் ஒலி மங்கிப் போகும். அதன் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு இன்புட் வேண்டும், சாதாரண லைன் இன் 10 கிலோஓம் பக்கம்தான். டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் இன்னுக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) போடுங்கள், அல்லது கன்சோலில் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இருந்தால் அதில் கொடுங்கள். ரெக்கார்டு பிளேயருக்கு ஃபோனோ ப்ரீஆம்ப் இடையில் வந்தே ஆக வேண்டும்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பவர் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்டை ஒருபோதும் கன்சோலுக்குக் கொண்டுவராதீர்கள். இன்புட் எரிந்துவிடும்.

இன்னொன்று 48 வோல்ட் ஃபேண்டம் பவர், மைக் கேபிள் வழியாகவே கன்சோல் மைக்குக்கு அனுப்பும் கரண்ட். கன்டென்ஸர் மைக்குக்குத் தேவை. ஆனால் சில கன்சோல்களில் ஒரே பட்டன் எட்டு சேனலுக்குச் சேர்ந்து வேலை செய்யும். அந்த எட்டில் ஏதாவது ஒன்றின் மைக் இன்னில் கீபோர்டையோ வேறு கருவியின் அவுட்டையோ செருகி வைத்திருந்தால் 48 வோல்ட் அதற்கும் போகும். எந்தப் பட்டன் எந்த சேனல்களுக்கு என்று தாளில் குறித்துவிடுங்கள்.

3. பேலன்ஸ்டா, அன்பேலன்ஸ்டா

பேலன்ஸ்டு கேபிளில் ஒலிக்கு இரண்டு கம்பி, அவற்றைச் சுற்றி ஷீல்டு என்ற உறை; அன்பேலன்ஸ்டில் ஒலிக்கு ஒரே கம்பியும் ஷீல்டும்தான். எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள வட்ட முனை) முனையில் பின் 1 ஷீல்டு, பின் 2 ஹாட், பின் 3 கோல்ட். டிஆர்எஸ் (மூன்று பகுதி கொண்ட) ஜாக்கில் நுனி ஹாட், நடு வளையம் கோல்ட், அடிப்பகுதி ஷீல்டு. ஹாட்டிலும் கோல்டிலும் ஒரே ஒலி எதிரெதிராகப் போகிறது, வாங்கும் பக்கம் இரண்டின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிறது, வழியில் இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடுகிறது. இந்த 'வித்தியாசம்' என்ற சொல்லை மனதில் வையுங்கள், என்னை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது அதுதான்.

கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து, மறுமுனையில் டிஆர்எஸ் ஜாக்கை ஒரு சேனலின் லைன் இன்னில் செருகி, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டேன். தாளம் வந்தது, பக்கவாட்டில் கிட்டார்கள் வந்தன. பாடியவரின் குரல் மட்டும் காணவில்லை. குரலுக்குப் பின்னால் இருந்த எதிரொலி மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. பேஸும் பாதிக்கு மேல் இல்லை. கன்சோல் பழுது என்றே நினைத்தேன், சேனல் மாற்றிச் சேனல் போட்டேன், எல்லாவற்றிலும் அதே. விஷயம் இதுதான்: ஹெட்ஃபோன் ஜாக்கும் மூன்று பகுதி கொண்டதுதான், ஆனால் அதில் நுனி இடது, வளையம் வலது. கன்சோலோ வளையத்தைக் கோல்ட் என்று நினைத்து, இடதிலிருந்து வலதைக் கழித்துவிட்டது. இரண்டிலும் சமமாக இருக்கும் நடுக்குரல், பேஸ், கிக் எல்லாம் கழிந்து காணாமல் போயின. ஒரு ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் ஒய் கேபிள் போட்டு இரண்டு சேனலில் கொடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தது. உங்கள் பாட்டிலும் குரல் தொலைந்தால் முதலில் இந்தக் கேபிளைப் பாருங்கள்.

அன்பேலன்ஸ்டு கருவியைப் பேலன்ஸ்டு இன்புட்டுக்குக் கொண்டுவருவது எளிது: இரண்டு கம்பி உள்ள கேபிளில் நுனியைப் பின் 2க்கும் அடிப்பகுதியைப் பின் 3க்கும் கொடுத்து, ஷீல்டைக் கன்சோல் பக்கம் பின் 1இல் சேருங்கள். பேலன்ஸ்டு அவுட்டிலிருந்து அன்பேலன்ஸ்டு இன்புட்டுக்குப் போகும்போதுதான் கவனம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அவுட்புட் என்றால் பின் 3ஐ ஷீல்டோடு சேர்க்க வேண்டும். மின்னணு முறையில் பேலன்ஸ் செய்யப்பட்ட சில அவுட்புட்களில் அப்படிச் சேர்க்கக் கூடாது, பின் 3ஐ இணைக்காமல் விட வேண்டும். எது உங்களுடையது என்று மேனுவல் ஒரு வரியில் சொல்லியிருக்கும்.

4. ஹம் வந்தால் எர்த்தைப் பிடுங்காதீர்கள்

ஹம்மின் சுருதி, கரண்ட் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 50, 60 உள்ள இடத்தில் 60, அத்துடன் அதன் மடங்குகள். தொடர்ந்து ஒரே சுருதியில் உறுமினால் பெரும்பாலும் எர்த் லூப். இரண்டு கருவிகளின் எர்த், பவர் ஒயர் வழியாக ஒருமுறையும் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக இன்னொருமுறையும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது.

பவர் பிளக்கின் எர்த் பின்னை நீக்கினால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகவும் செய்யும். ஆனால் உள்ளே ஒரு கோளாறு வந்தால் கருவியின் உலோக உடலும், அதோடு சேர்ந்த மைக்கும் ஷாக் அடிக்கும். பாடுபவர் அந்த மைக்கில்தான் உதட்டை வைக்கப்போகிறார். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எல்லாக் கருவிக்கும் ஒரே பவர் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுங்கள். பிறகு எல்லா ஆடியோ கேபிளையும் கழற்றி, மானிட்டர் ஸ்பீக்கர் மட்டும் போட்டுக் கேளுங்கள். அமைதியாக இருந்தால் ஒன்றொன்றாகச் சேருங்கள். எந்தக் கேபிளைச் செருகும்போது உறுமல் வருகிறதோ, அந்த இடம்தான். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், அதோடு உறுமல் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் லூப் போகிறது. அந்த ஒரு லைனுக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர் வாங்குங்கள், நல்லதாக ஒன்று போதும். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அது ஆடியோ ஷீல்டை மட்டும்தான் பிரிக்கிறது.

5. இன்சர்ட்டும் பேட்ச் பேயும்

பல கன்சோல்களில் இன்சர்ட் ஒரே டிஆர்எஸ் துளை. நுனியில் வெளியே போய் வளையத்தில் திரும்பி வரும். சில கருவிகளில் இது தலைகீழ். ஒய் கேபிளைப் போட்டதும் சேனல் ஊமையாகிவிட்டால் இரண்டு முனைகளையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். இது அன்பேலன்ஸ்டு என்பதால் கேபிளைக் குட்டையாக வையுங்கள்.

பேட்ச் பேயில் மேல் வரிசை அவுட்புட்கள், கீழ் வரிசை இன்புட்கள் என்று வைப்பது வழக்கம். ஹாஃப் நார்மல் முறையில் (ஒன்றும் செருகாதபோது மேல் துளையிலிருந்து கீழ்த் துளைக்குத் தானாகவே சிக்னல் போகும்), மேலே செருகினால் பழைய வழியும் அறுபடாது, கீழே செருகினால்தான் அறுபடும். ஃபேண்டம் போகும் மைக் லைன்களை டிஆர்எஸ் பேட்ச் பே வழியாகக் கொண்டுபோகாதீர்கள். ஜாக் உள்ளே நுழையும்போது தொடுமுனைகள் ஒரு கணம் ஷார்ட் ஆகும், பழைய ரிப்பன் மைக் (மெல்லிய உலோகப் பட்டை ஒலியை வாங்கும் மைக்) ஒன்று மறுமுனையில் இருந்தால் அதன் ரிப்பனுக்கே ஆபத்து.

எட்டு சேனல் ஒரே தடித்த கேபிளில் போக 25 பின் டி-சப் முனை இருக்கும். அனலாக்குக்குப் பெரும்பாலும் டாஸ்காம் வரிசை, ஏஇஎஸ்59 என்ற தரநிலையும் அதை ஒட்டியதுதான். ஆனால் டிஜிட்டல் டி-சப் கேபிளில் டாஸ்காம் வரிசை, யமஹா வரிசை என்று இரண்டு உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. பின் வரிசை என்ன என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ஆர்டர் கொடுங்கள், இந்தக் கேபிள் மலிவானதல்ல.

6. டிஜிட்டல்: துளை ஒன்றாக இருக்கும், ஃபார்மட் வேறாக இருக்கும்

ஏஇஎஸ், எஸ்பிடிஐஎஃப், ஏடாட், மேடி என்பவை டிஜிட்டல் ஒலியை அனுப்பும் ஃபார்மட்கள். ஏஇஎஸ் எக்ஸ்எல்ஆர் முனையில் வரும், ஒரு கேபிளில் இரண்டு சேனல், 110 ஓம் கேபிள் வேண்டும். மைக் கேபிளையே போட்டாலும் சிறிய தூரத்தில் வேலை செய்யும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள், நீளம் கூடும்போது அது கைவிடும். எஸ்பிடிஐஎஃப் ஆர்சிஏ முனையில் 75 ஓம் கேபிளில் வரும், இரண்டு சேனல். அதே எஸ்பிடிஐஎஃப் ஆப்டிகல் வடிவிலும் வரும். ஏடாட்டும் அதே ஆப்டிகல் முனைதான், ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல், 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் நான்காகக் குறையும். கேபிள் ஒன்றே என்பதால் செருகிவிடுவோம், சிவப்பு வெளிச்சமும் தெரியும், ஒலி மட்டும் வராது. இரு பக்கமும் எந்த ஃபார்மட்டில் அமைந்திருக்கிறது என்று மெனுவில் பாருங்கள். மேடி என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு கேபிளில் 64 சேனல் வரை.

ஏஇஎஸ் அவுட்டை வெறும் முனைமாற்றி போட்டு எஸ்பிடிஐஎஃப் இன்னில் கொடுக்காதீர்கள், வோல்டேஜும் இம்பீடன்ஸும் வேறு வேறு. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கன்வர்ட்டர் போடுங்கள். ஆப்டிகல் கேபிளைக் கூர்மையாக மடக்காதீர்கள், முனையில் வரும் சின்ன பிளாஸ்டிக் மூடியை எடுத்தீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

7. கிளாக்: யாராவது ஒருவர் மட்டுமே தலைவர்

எனக்கு வந்த அந்த 'டிக்' இங்கேதான் பிறந்தது. கன்சோலும் கன்வர்ட்டரும் இரண்டுமே 48 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் காட்டின. ஆனால் இரண்டும் தத்தம் சொந்தக் கிளாக்கில் ஓடிக்கொண்டிருந்தன. நொடிக்கு அரை சாம்பிள் வித்தியாசம் இருந்தாலே இரண்டு நொடிக்கு ஒரு சாம்பிள் தவறும், அதுதான் டிக். கேபிளை மாற்றி, டிரைவரை மாற்றி, கம்ப்யூட்டரையே மாற்றிப் பார்த்த பிறகு, மெனுவில் இன்டெர்னல் என்றிருந்ததை எக்ஸ்டெர்னல் ஆக்கியதும் நின்றது.

எனவே ஒரு கருவியை மட்டும் இன்டெர்னலில் வையுங்கள், மற்ற எல்லாம் எக்ஸ்டெர்னல். அதிக சேனல்களைக் கையாளும் கன்வர்ட்டரையோ டிஜிட்டல் கன்சோலையோ தலைவராக வைப்பது வசதி. எல்லாமே எக்ஸ்டெர்னலில் இருந்தாலும் ஆபத்துதான், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு எதுவும் நிலைக்காது. இரண்டே கருவி என்றால் ஏடாட், ஏஇஎஸ், எஸ்பிடிஐஎஃப் கேபிளே கிளாக்கையும் சுமந்து வரும், தனிக் கேபிளும் தனிக் கிளாக் பெட்டியும் தேவையில்லை. அந்தப் பெட்டிக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல கேபிளுக்குச் செலவிடுங்கள். மூன்று நான்கு கருவி வந்த பிறகு வேர்டு கிளாக் (கிளாக்கை மட்டும் சுமக்கும் தனி இணைப்பு) போடலாம்: 75 ஓம் பிஎன்சி கேபிள், வரிசையில் கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் டெர்மினேஷன் (கேபிள் முடிவில் போடும் ரெசிஸ்டர்). சில கருவிகளில் அது உள்ளேயே இருக்கும், ஸ்விட்ச் எங்கே என்று பார்த்து, நடுவில் இருப்பவற்றில் அணைத்துவிடுங்கள்.

பாட்டு கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் அளவு சுருதி ஏறி வேகமாக ஓடினால், 44.1இல் பதிவானதை 48இல் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

8. அனலாக் மீட்டரையும் டிஜிட்டல் மீட்டரையும் ஒன்று சேர்ப்பது

டிஜிட்டலில் 0 என்பது உச்சி, அதற்கு மேல் இடமில்லை. அனலாக் மீட்டரில் 0 என்பது சாதாரணமாக ஓட வேண்டிய இடம். இரண்டையும் 0 என்று குழப்பிக்கொண்டால் எல்லாம் வெடிக்கும். கன்வர்ட்டரின் மேனுவலில் அதிகபட்ச லெவல் எவ்வளவு என்று பாருங்கள். அது +24 டிபியூ என்றால், சாஃப்ட்வேரிலிருந்து -20இல் டோன் அனுப்பினால் +4 டிபியூ வெளியே வரும். +18 டிபியூ என்றால் -14இல் அனுப்ப வேண்டும். பல கன்சோல்களில் மீட்டரின் 0 என்பது +4 டிபியூ, சிலவற்றில் 0 டிபியூ, இதையும் மேனுவலில் சரிபாருங்கள்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோன் அனுப்பி, ஒவ்வொரு சேனலும் மீட்டரில் ஒரே இடத்தில் நிற்கிறதா பாருங்கள். ஒரு சேனல் மட்டும் 6 டெசிபெல் குறைந்தால் கேபிளில் ஹாட் அல்லது கோல்ட் ஒன்று அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் வைத்துப் பின் 2க்கும் 3க்கும் இடையே அளந்தால் +4க்கு 1.23 காட்ட வேண்டும். ஆனால் சாதாரண மல்டிமீட்டர்கள் பலவும் 1 கிலோஹெர்ட்ஸைச் சரியாகப் படிக்காது, அதற்கு மட்டும் டோனை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

9. தாமதம்

சாஃப்ட்வேரிலிருந்து வெளியே அனுப்பி, அனலாக் கம்ப்ரஸரில் ஓட்டித் திரும்ப எடுத்தால் ஒலி கொஞ்சம் பிந்தித்தான் வரும். தனியாகக் கேட்டால் தெரியாது. அதை மூல டிராக்கோடு கலந்தால் தெரியும்: ஒரு மில்லிசெகண்ட் பிந்தினால்கூட 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி விழுந்து, டிரம்ஸ் குழாய்க்குள் அடிப்பதுபோல ஆகிவிடும். பல ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்களின் ஹார்டுவேர் இன்சர்ட் வசதியில் தாமதத்தை அளக்கும் பட்டன் இருக்கும். அதை அழுத்தி, வந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். சாம்பிள் ரேட்டையோ பஃபரையோ மாற்றினால் மறுபடி அளந்துவிடுங்கள்.

10. ஸ்விட்ச் போடும் வரிசை

தலைவராக வைத்த கிளாக் கருவி, பிறகு மற்ற டிஜிட்டல் கருவிகள், வெளிக்கருவிகள், கன்சோல், கடைசியில் மானிட்டர் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர்தான் முதலில். இல்லாவிட்டால் கன்சோல் அணையும்போது வரும் 'டப்' நேராக ட்வீட்டரில் போய் விழும். ஃபேண்டம் போடும்போதும் எடுக்கும்போதும் அந்த சேனல் ம்யூட்டில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டி, அந்த எண்ணைத் தாளில் அந்தந்த வரியில் எழுதுங்கள். தாளின் ஒரு நகல் ராக்கின் பக்கவாட்டில் இருக்கட்டும், பேனாவும் அங்கேயே ஒரு நூலில் கட்டித் தொங்கட்டும்.